பதினாலே கால் வோல்ட்

காளீஸ்வரியின் குரல் அந்தக் குழுவில் முதன்முதலாக ஒலித்த அன்று, அதிலிருந்த ஆறாயிரம் பேரில் பாதிப் பேராவது அதை இரண்டு தடவை போட்டுக் கேட்டிருப்பார்கள். மூன்று வருஷமாக அவளை எல்லாரும் ‘கே.எஸ். அண்ணே’ என்றுதான் கூப்பிட்டு வந்தார்கள். ‘கே.எஸ். ராஜபாளையம்’ என்று பெயர் போட்டு, முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஸ்க்ரூ டிரைவரின் படத்தை வைத்திருந்தால் வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? அவளும் திருத்தப் போகவில்லை. “அண்ணே, அந்த எட்டு ஜிபி ரேம் இன்னும் இருக்கா?” என்று யாராவது கேட்டால், “இருக்கு தம்பி” என்று எழுதுவாள். வியாபாரம் முடிந்துவிடும்.

குழுவின் பெயர் ‘தெக்கத்தி கம்ப்யூட்டர் சந்தை’. மதுரையிலிருந்து நாகர்கோவில் வரைக்கும் உள்ளவர்கள் பழைய கம்ப்யூட்டர் பாகங்களை டெலிகிராமில் விற்பதும் வாங்குவதுமாக இருந்த இடம். புதுசு வாங்க வசதியில்லாத காலேஜ் பிள்ளைகள், டிடிபி சென்டர்காரர்கள், கல்யாண வீடியோ எடிட் பண்ணுகிறவர்கள் என்று பலதரப்பட்ட ஆட்கள். பார்க்காமலே பணம் அனுப்பி, பார்க்காமலே பொருள் வாங்குகிற இடம் என்பதால் அங்கே நம்பிக்கைதான் முதல். அந்த நம்பிக்கையைக் காவல் காக்கிறவர் முத்துப்பாண்டி. குழுவைத் தொடங்கியவர், அட்மின், தகராறு வந்தால் தீர்ப்புச் சொல்கிறவர், எல்லாமே அவர்தான்.

காளீஸ்வரிக்குச் சொந்த ஊர் செட்டியார்பட்டி. பத்தாவது முடித்த கையோடு ஸ்பின்னிங் மில்லுக்கு வேலைக்குப் போனவள். நூலைக் கோனில் சுற்றுகிற கோன் வைண்டிங் பிரிவில் ஒன்பது வருஷம். நூலில் எங்கே தடிப்பு, எங்கே மெலிவு என்று பார்த்து வெட்டிவிடுவதற்கு அந்த மெஷினில் ஒவ்வொரு தலைக்கும் ஒரு சின்ன எலெக்ட்ரானிக் கார்டு உண்டு. அது அடிக்கடி மக்கர் பண்ணும். ஃபிட்டருக்குச் சொல்லியனுப்பினால் அவர் வந்து சேர ஒரு மணி நேரம் ஆகும். அதுவரை அந்தத் தலை சும்மா நிற்கும். உற்பத்தி குறைந்ததற்கு ஏச்சு மட்டும் இவளுக்கு விழும். பார்த்துப் பார்த்து, கார்டை எப்படிக் கழற்ற வேண்டும், எந்த இடத்தில் பஞ்சுத்தூசி அடைகிறது, எதைத் துடைத்தால் உயிர் வருகிறது என்று அவளே கற்றுக்கொண்டாள். சூப்பர்வைசர் கண்டுபிடித்து, “உன் வேலை நூலு முடியிறது. கார்டுல கை வச்ச, மெமோதான்” என்றார். மறுநாளும் கை வைத்தாள். மெமோ வந்தது. அதைக் கையில் வாங்கிக்கொண்டு அவள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “சார், மெஷின் ஓடுதா, ஓடலையா?”

அந்தக் குணம் அவளை விட்டுப் போகவே இல்லை.

கல்யாணமாகி ராஜபாளையத்துக்கு வந்தாள். கணவன் சீனிச்சாமி ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி நெய்கிற விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்த்தார். மில்லில் ஆட்குறைப்பு வந்தபோது முதலில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் இவளும் ஒருத்தி. பிறகு ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கப் போனாள். அங்கே கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டு, மதுரையிலிருந்து ஆள் வருவதாகச் சொல்லி மூன்று நாள் ஆகியும் வராமல் போக, முதலாளி சாப்பிடப் போன நேரம் பார்த்து அதைத் திறந்தாள். ரேமைக் கழற்றி, பென்சில் அழிக்கும் ரப்பரால் அதன் காலைத் தேய்த்துத் திரும்பச் சொருகினாள். ஓடியது. முதலாளி வந்து பார்த்துவிட்டு மதுரை ஆளுக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்று சொன்னார். அதன் பிறகு கடையில் எந்த மெஷின் மக்கர் செய்தாலும் அவள் தலையில்தான் விழுந்தது. சம்பளம் மட்டும் அப்படியே இருந்தது. ஒரு வருஷம் பார்த்தாள். “மதுரை ஆளுக்கு ஒரு தடவைக்குக் குடுத்தத எனக்கு ஒரு மாசத்துக்குக் கூடுதலாக் குடுங்க” என்று கேட்டாள். முதலாளி சிரித்தார். மறுநாளிலிருந்து அவள் வீட்டு முன்னறையில் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஆபீஸ்களும் பள்ளிக்கூடங்களும் கழித்துக்கட்டும் கம்ப்யூட்டர்களை எடைக்கு வாங்கி, பிரித்து, நல்லதை மட்டும் எடுத்து விற்பது அவள் தொழிலாயிற்று. எதையும் இரண்டு மணி நேரம் ஓட விட்டுப் பார்க்காமல் விற்க மாட்டாள். குறை இருந்தால் விலைக்கு முன்னால் குறையை எழுதுவாள். ‘இந்த போர்டில் பின்பக்கம் ஒரு யுஎஸ்பி ஓட்டை வேலை செய்யாது. மற்றதெல்லாம் நன்று.’ அப்படி எழுதியதாலேயே அவள் பொருளுக்கு ஆட்கள் காத்துக் கிடந்தார்கள்.

ஆவணி முகூர்த்தங்கள் நெருங்கிக்கொண்டிருந்த சமயம். ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்யாண வீடியோ ஸ்டூடியோ வைத்திருக்கும் லிங்கேஸ்வரன் என்பவன் அவளிடம் ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கினான். வீடியோ எடிட் பண்ண அது இல்லாமல் முடியாது. விலை பன்னிரண்டாயிரம். கார்டு ஓடுவதை வீடியோ எடுத்து அனுப்பி, பபுள் ஷீட் சுற்றி, அட்டைப்பெட்டியில் வைத்துக் கூரியரில் போட்டாள். போய்ச் சேர்ந்தது, ஓடுகிறது, நன்றி அண்ணே என்று அவனும் எழுதினான்.

நான்காம் நாள் மதியம் குழுவில் அவன் பதிவு வந்தது. ‘கே.எஸ். ராஜபாளையத்திடம் வாங்கிய கார்டு செத்துவிட்டது. ஸ்க்ரீனே வரவில்லை. ரிப்பேர் கார்டைத் தலையில் கட்டிவிட்டார். யாரும் ஏமாறாதீர்கள்.’

காளீஸ்வரி அதைப் படித்தபோது ஒரு பிரிண்டரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். கை மையைத் துடைத்துவிட்டுப் பதில் எழுதினாள். தான் அந்தக் கார்டை ஒரு தடவை பார்க்க வேண்டும், தன் தப்பு என்றால் அதே நிமிஷம் பணம் தருகிறேன், உங்கள் கம்ப்யூட்டரில் எந்த எஸ்எம்பிஎஸ் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டாள். எஸ்எம்பிஎஸ் என்பது வீட்டுக் கரண்டை வாங்கி, கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி குறைத்துக் கொடுக்கிற பெட்டி. அது கெட்டால் அதை நம்பியிருக்கும் எல்லாமே கெடும். கேள்விக்கு லிங்கேஸ்வரன் பதில் சொல்லவில்லை. அதற்குள் மற்றவர்கள் ஆரம்பித்துவிட்டார்கள். அவளிடம் ஒரு ஸ்க்ரூகூட வாங்கியிராதவர்களெல்லாம், எனக்கு அப்பவே சந்தேகம் என்று எழுதினார்கள். முத்துப்பாண்டி சாயங்காலமே தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைக்குள் முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும். இல்லாவிட்டால் பெயருக்குப் பக்கத்தில் ‘மோசடி’ என்று சிவப்பில் போடப்படும்.

“ஒரு பொருளக் கண்ணால பாக்காம எப்படிங்க தீர்ப்பு?” என்று எழுதினாள்.

“விதி விதிதான் ப்ரோ. ஏழு நாளுக்குள்ள கெட்டா வித்தவர் பொறுப்பு” என்று முத்துப்பாண்டியிடமிருந்து பதில் வந்தது.

அப்போதுதான் அவள் எழுதுவதை விட்டுவிட்டு, போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பேசினாள். “நான் காளீஸ்வரி பேசுதேன். கே.எஸ். ராஜபாளையம்ங்கிறது நான்தான். நான் வித்த கார்டு ரெண்டு மணி நேரம் ஓடுன கார்டு. அது ஏன் செத்துச்சுன்னு பாக்காம ஒத்தப் பைசா குடுக்க மாட்டேன். ஞாயித்துக்கெழம வரைக்கும் எதுக்குக் காத்திருக்கீங்க, இப்பவே கூடப் போட்டுக்கிடுங்க.”

குழுவில் பேச்சின் தினுசே மாறியது. அண்ணே என்றவர்கள் அக்கா என்றார்கள். யூடியூப் பார்த்து வேலை கற்றவர்கள் விற்க வந்தால் இப்படித்தான் என்றான் ஒருத்தன். கோவில்பட்டிக்காரர் ஒருவர் அன்பாகவே எழுதினார்: “அக்கா, வீட்டில் ஆம்பளைங்க யாராவது இருந்தால் போனைக் கொடுங்கள். பேசி முடித்துக்கொள்ளலாம்.”

அதற்கும் குரலிலேயே பதில் போட்டாள். “வீட்டுல ஆம்பள இருக்காரு. அவரு கட்டுத்துணி நெய்வாரு. உங்களுக்குக் கட்டுத்துணி வேணும்னா சொல்லுங்க, அவர்ட்டக் குடுக்கேன். கார்டப் பத்திப் பேசணும்னா எங்கிட்டத்தான் பேசணும்.”

ஞாயிற்றுக்கிழமை சொன்னபடியே சிவப்பு எழுத்து ஏறியது. திங்கட்கிழமை காலைக்குள் நான்கு பேர் சொல்லி வைத்திருந்த பொருளை வேண்டாம் என்றார்கள். பழைய கம்ப்யூட்டர்களை மொத்தமாகத் தருவதாகச் சொல்லியிருந்த ஒரு டுடோரியல்காரர் போனை எடுக்கவே இல்லை. மதியம் சீனிச்சாமி சாப்பிட வந்தபோது அவள் அடுப்படியில் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தாள். அழுதுகொண்டிருந்தாள் என்பது அவருக்குத் தெரிந்தது. தட்டை அவரே எடுத்து வைத்துக்கொண்டார்.

“எதுக்கு காளி இந்தத் தலவலி? குடுத்துத் தொலைச்சிரு. பன்னெண்டாயிரம்தான, சம்பாதிச்சுக்கிடலாம்” என்றார்.

“நான் தப்பு செஞ்சிருந்தா இந்நேரம் குடுத்திருக்க மாட்டனா?”

“செய்யலன்னு எனக்குத் தெரியுது. அவங்களுக்கு?”

“அதத்தான் நானும் சொல்லுதேன். இப்ப குடுத்தா, செஞ்சேன்னு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆயிரும். பொறவு நான் எதை வித்தாலும் அந்தக் கையெழுத்துதான் முன்னால நிக்கும்.”

அவர் சோற்றைப் பிசைந்தார். “அப்ப என்ன செய்யப் போற?”

“ஸ்ரீவில்லிபுத்தூர் என்ன சீமையிலயா இருக்கு? நேர்ல போய்ப் பாத்துட்டு வாரேன்.”

மறுநாள் காலை பத்து மணிக்கு அவள் பஸ்ஸில் இருந்தாள். மடியில் ஒரு துணிப்பை. அதற்குள் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர், பூதக்கண்ணாடி, ஸ்க்ரூ டிரைவர் செட், தன் வீட்டு மேஜையில் தினமும் ஓடும் நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்று. தேரடியில் இறங்கி விசாரித்தாள். இரண்டாவது ஆளே ஸ்டூடியோவைக் கைகாட்டிவிட்டார்.

லிங்கேஸ்வரனுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். உள்ளே வந்தவள் யார் என்று தெரிந்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். குழுவில் அப்படி எழுதியவன், நேரில் பார்த்ததும் எங்கே கையை வைப்பது என்று தெரியாமல் நின்றான். ஆல்பம் டிசைன் பண்ணிக்கொண்டிருந்த அவன் மனைவி அனுசியாதான், “வாங்கக்கா, உக்காருங்க” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

“உக்காரல, தம்பி. சண்ட போடவும் வரல. கார்டக் காட்டுங்க. மெஷினையும் காட்டுங்க” என்றாள் காளீஸ்வரி.

மெஷினைக் காட்ட வேண்டிய அவசியமே இல்லாமல் அது தன்னைத் தானே காட்டிக்கொண்டது. கார்டு இல்லாமலும் ஏதோ ஒரு பைலைத் திறப்பதற்காக அதை ஓட விட்டிருந்தார்கள். அதன் உள்விசிறிகள் மாவு மில் மாதிரி இரைந்துகொண்டிருந்தன.

“எப்பவும் இப்படித்தான் கத்துமா?”

“மூணு மாசமா இப்படித்தான்க்கா. தூசியா இருக்கும்னு நெனச்சோம்” என்றாள் அனுசியா.

“மூணு மாசத்துக்கு முன்னால இதுல என்ன மாத்துனீங்க?”

அனுசியா லிங்கேஸ்வரனைப் பார்த்தாள், பிறகு காளீஸ்வரியைப் பார்த்தாள். “எஸ்எம்பிஎஸ்தான் மாத்துனோம். பழசு. குரூப்புலதான் வாங்குனோம்.”

காளீஸ்வரி பக்கப் பலகையைக் கழற்றினாள். மல்டிமீட்டரின் கறுப்பு முனையைக் கறுப்பு ஒயரிலும் சிவப்பு முனையை மஞ்சள் ஒயரிலும் வைத்தாள். பன்னிரண்டு வோல்ட் காட்ட வேண்டும். கொஞ்சம் முன்பின் போகலாம். பன்னிரண்டரையைத் தாண்டினாலே யோசிக்க வேண்டும். மீட்டர் பதினாலே காலில் நின்றது. ஒயரை மாற்றி வைத்துப் பார்த்தாள். பதினாலே கால். விசிறிகள் ஏன் கத்துகின்றன, கார்டு ஏன் செத்தது என்று அவளுக்கு அந்த நொடியில் விளங்கிவிட்டது. அளவுக்கு மீறிய கரண்டை மூன்று மாசமாக அந்தக் கம்ப்யூட்டர் விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

“இதுக்கு முன்னால வேற கார்டு இருந்துச்சா தம்பி?”

அவன் அலமாரியைத் திறந்து, தினத்தாளில் சுற்றிய ஒரு பழைய கார்டை எடுத்து வைத்தான். பூதக்கண்ணாடியில் பார்த்தாள். கரண்டு நுழைகிற மூலையில் ஒரு பொட்டுப் போலக் கருகியிருந்தது. பிறகு தான் விற்ற கார்டை வாங்கிப் பார்த்தாள். அதே மூலையிலும் ஒரு பொட்டு.

“ஒங்களுக்கு எஸ்எம்பிஎஸ் மேல சந்தேகமே வரலையா?”

“வந்துச்சுக்கா.” அவன் தலை குனிந்திருந்தது. “வித்தவர்ட்டத் தனியாக் கேட்டேன். என் பொருள்ல பிரச்சின வராது, கார்டு வித்தவங்க மேலதான் தப்பு, குரூப்புல போடு, நான் வாங்கித் தாரேன்னு சொன்னாரு.”

“வித்தது யாரு?”

“முத்துப்பாண்டி அண்ணன்.”

காளீஸ்வரி அப்போதுதான் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அனுசியா கொண்டுவந்து கொடுத்த தண்ணீரைக் குடித்தாள். கோபம் வந்தால் அவளுக்குக் குரல் ஏறாது, பேச்சு நிதானமாகிவிடும். மில்லில் எல்லாருக்கும் அது தெரியும்.

“அனுசியா, ஒன் போன எடு. வீடியோ ஆன் பண்ணு. நான் செய்யிறத விடாம எடு” என்றாள்.

மீட்டரை மறுபடியும் ஒயரில் வைத்து, பதினாலே காலைக் காட்டினாள். பிறகு எஸ்எம்பிஎஸ் பெட்டியைக் கழற்றி வெளியே வைத்தாள். மேலே அறுநூறு வாட்ஸ் என்று பளபளப்பான ஸ்டிக்கர். நகத்தால் அதன் ஓரத்தைக் கீறி மெல்ல உரித்தாள். அடியில் மங்கிப்போன இன்னொரு ஸ்டிக்கர், இருநூற்றைம்பது வாட்ஸ். மூடியைத் திறந்தாள். உள்ளே இரண்டு மூன்று பாகங்கள் வயிறு உப்பி நின்றன. ஒரு இடத்தில் யாரோ முரட்டுத்தனமாகச் சால்டர் வைத்து எதையோ மாற்றியிருந்தார்கள். எல்லாவற்றையும் கேமராவுக்குக் காட்டினாள். கருகிய இரண்டு கார்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். யார் பெயரையும் சொல்லி ஏசவில்லை. “இந்தப் பெட்டி நம்ம குரூப்புல அட்மினு வித்த பெட்டி. இதே ஸ்டிக்கரு ஒட்டுன பெட்டி வேற யாரு வீட்டுலயாவது இருந்தா, மொதல்ல பிளக்கப் பிடுங்குங்க. பொறவு என்னைய ஏசுங்க” என்று முடித்தாள்.

வீடியோ குழுவில் ஏறிய பத்து நிமிஷத்தில் அழிக்கப்பட்டது. காளீஸ்வரி குழுவிலிருந்து நீக்கப்பட்டாள். இன்னும் ஐந்து நிமிஷத்தில் லிங்கேஸ்வரனும் நீக்கப்பட்டான்.

“அக்கா, இப்ப ஒங்க பணம்… அதாவது என் பணம்…” என்று அவன் தடுமாறினான்.

“நான் பணம் தர மாட்டேன் தம்பி. நான் வித்தது நல்ல கார்டு. அத நீங்க கொன்னுருக்கீங்க, தெரியாமத்தான். குடுங்க, வீட்டுல வச்சுப் பாக்கேன். கரண்டு நுழையிற வாசல்ல இருக்குற ப்யூஸு மட்டும் போயிருந்தா சரியாயிரும். சர்வீஸ் சார்ஜு உண்டு” என்றாள். தான் கொண்டுவந்த நல்ல எஸ்எம்பிஎஸ்ஸை அவன் மெஷினில் மாட்டிவிட்டு, “இதுக்கு வாடக. புதுசு வாங்குற வரைக்கும்” என்றும் சேர்த்துச் சொன்னாள். விசிறிகள் அடங்கின. அறைக்குள் திடீரென்று வெளியே போகும் சைக்கிள் மணி கேட்டது. அந்தக் கெட்ட பெட்டியை மட்டும், இது எனக்கு வேணும் என்று கேட்டு வாங்கித் துணிப்பையில் போட்டுக்கொண்டாள்.

முத்துப்பாண்டியின் கடை ராஜபாளையத்தில் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம்தான் இருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கியவள் வீட்டுக்குப் போகவில்லை. கடையில் நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். முத்துப்பாண்டி பெரிய உருவம், மலர்ந்த முகம், எல்லாரையும் கையெடுத்துக் கும்பிடுகிற ஆள்.

“வாங்கம்மா, உக்காருங்க. டீ சொல்லவா?”

“டீ வேண்டாம். பிளக்கு எங்க இருக்கு?” என்று கேட்டுக்கொண்டே, கண்ணாடி மேஜை மீது பெட்டியை வைத்தாள்.

அவருக்கு அப்போதுதான் ஆள் யார் என்று புரிந்தது. அவர் யோசித்து முடிப்பதற்குள் அவள் பிளக்கைச் சொருகிவிட்டாள். தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை உருவி, பெட்டி தனியாக ஓடுவதற்காகப் பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் இணைத்தாள். பெட்டியின் விசிறி இரைந்தது. மீட்டரை வைத்தாள். “அண்ணாச்சி, நீங்களே வாசிங்க” என்று பக்கத்தில் நின்ற ஒரு பெரியவரிடம் மீட்டரின் முகத்தைத் திருப்பினாள். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, “பதினாலு… பதினாலேகாலு” என்றார்.

“பழசுன்னா அப்படி இப்படித்தாம்மா இருக்கும்” என்றார் முத்துப்பாண்டி. சிரிப்பு இன்னும் இருந்தது. “நானே ஒருத்தன்ட்ட மொத்தமா வாங்குனதுதான். எனக்கு மட்டும் தெரியுமா?”

“இருக்கலாம். அதுல நான் சண்ட போடல. லிங்கேஸ்வரன் ஒங்கள்ட்டக் கேட்டப் பொறவு தெரியும்ல? தெரிஞ்சும் என் பேருக்குப் பக்கத்துல மோசடின்னு போட்டீங்கள்ல, அதுக்குத்தான் வந்தேன். எம்புட்டுப் பேருக்கு இத வித்திருக்கீங்க?”

“கடைக்குள்ள வந்து தகராறு பண்ணுனா போலீசக் கூப்பிட வேண்டியிருக்கும்.”

“கூப்பிடுங்க. அவிய வந்தா இன்னொரு தடவ அளந்து காட்டுதேன்.”

சிரிப்பு போய்விட்டது. “ஒன்னையக் குரூப்ப விட்டுத் தூக்கியாச்சு. இனிமே ஒரு ஸ்க்ரூ விக்க முடியாது, பாத்துக்க.”

“ஒங்க குரூப்ப விட்டுத் தூக்கலாம். ராஜபாளையத்த விட்டுத் தூக்க முடியாதுல்ல?” என்றாள் காளீஸ்வரி. பெட்டியை அங்கேயே விட்டாள். கொண்டை ஊசியை மட்டும் எடுத்துத் தலையில் சொருகிக்கொண்டு வெளியே வந்தாள். ரோட்டைக் கடந்து, ஒரு கடையில் சர்பத் வாங்கிக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

வீடியோ பத்து நிமிஷம்தான் குழுவில் இருந்தது. ஆனால் அதற்குள் நிறையப் பேர் அதை இறக்கிக்கொண்டிருந்தார்கள். தென்காசிக்காரர் ஒருவர் தன் பெட்டியின் ஸ்டிக்கரை உரித்துப் படம் போட்டார். அடியில் இருநூற்றைம்பது. சிவகாசியிலிருந்து ஒரு பெண் தன் மகனின் கம்ப்யூட்டர் போனது ஏன் என்று இப்போதுதான் தெரிகிறது என்று எழுதினாள். முத்துப்பாண்டி அழிக்க அழிக்கப் படங்கள் ஏறிக்கொண்டே இருந்தன. இரண்டே நாளில் பத்தொன்பது பேர். மூன்றாம் நாள் அவர், தானும் ஏமாற்றப்பட்டவன்தான் என்று நீளமாக ஒரு கடிதம் எழுதினார். கடைக்கு நேரில் வந்து நின்றவர்களுக்குப் பணத்தைத் திருப்பினார். தூரத்தில் இருந்தவர்களுக்கு வாரக்கணக்கில் சாக்குச் சொன்னார். அப்புறம் ஒரு நாள் குழுவையே மூடிவிட்டார். பழைய பதிவுகளில் காளீஸ்வரியின் பெயருக்குப் பக்கத்திலிருந்த சிவப்பு எழுத்தை அவர் கடைசிவரை எடுக்கவே இல்லை. அவளிடம் மன்னிப்பும் கேட்கவில்லை. கோவில்பட்டிக்காரர் மட்டும் போன் பண்ணி, “தப்பாப் பேசிட்டேன்மா” என்றார். “ஆமா, பேசிட்டீங்க” என்றாள் அவள். அத்தோடு சரி.

லிங்கேஸ்வரனின் கார்டில் ப்யூஸும் இன்னொரு சின்னப் பாகமும் போயிருந்தன. இரண்டையும் செத்த கார்டு ஒன்றிலிருந்து எடுத்து மாற்றினாள். ஓடியது. அவன் நேரில் வந்து, கேட்ட கூலியைக் கொடுத்து, வாடகையையும் கொடுத்து வாங்கிப் போனான். அவன் முகத்தைப் பார்த்து ஒரு ரூபாய் குறைக்கவும் அவளுக்கு மனசு வரவில்லை. டீ மட்டும் போட்டுக் கொடுத்தாள்.

புதுக்குழு ஒன்று தொடங்குகிறோம், நீங்கள்தான் அட்மினாக இருக்க வேண்டும் என்று பலர் கேட்டார்கள். மாட்டேன் என்றுவிட்டாள். “உக்காந்த எடத்துல இருந்து தீர்ப்புச் சொல்லுறதுலதான் எல்லாம் கெட்டுச்சு. பொருளத் தூக்கிட்டு வாங்க. வித்தவரும் வாங்குனவரும் வாங்க. முன்னால வச்சு ஓட்டிப் பாப்போம். ஓடுதா, ஓடலையா, அம்புட்டுத்தான்” என்றாள்.

அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமை மேஜை ஆரம்பித்தது. காலை ஒன்பதிலிருந்து மதியம் வரை அவள் வீட்டு முன்னறையில் நடக்கும். சங்கரன்கோவில், சிவகாசி, வத்திராயிருப்பு என்று பஸ் ஏறி வருவார்கள். செருப்புகள் தெருவரைக்கும் கிடக்கும். விற்கிறவர் கண் முன்னாலேயே பொருள் ஓடும், மீட்டர் பேசும். வர முடியாதவர்களுக்காக ஒரு போன் நேரலையில் எல்லாவற்றையும் காட்டிக்கொண்டிருக்கும். போனைப் பிடிக்கிற வேலையைச் சீனிச்சாமி எடுத்துக்கொண்டார். முதலில் கை ஆடியது. இப்போது, “செத்த வெளிச்சத்துக்குத் திருப்பு காளி” என்று சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டார்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை வன்னியம்பட்டியிலிருந்து சங்கையா என்று ஒருவர் வந்தார். விவசாயி. ஊரில் பட்டா, சிட்டா எடுத்துக் கொடுக்கும் சின்ன சென்டரும் வைத்திருந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு ரேமை எடுத்து மேஜையில் வைத்தார். பின்னால் காளீஸ்வரியின் கையெழுத்தில் தேதி எழுதிய ஸ்டிக்கர் இருந்தது. பதினோரு மாசத்துக்கு முந்தைய தேதி.

“அப்ப இருந்தே மெஷினு நெனச்ச நேரம் நின்னு நின்னு போகும்மா. மெஷினுதான் பழசுன்னு நெனச்சு விட்டுட்டேன். இங்க சோதிக்கிறாகன்னு கேள்விப்பட்டு வந்தேன்” என்றார், ஏதோ தப்புச் செய்தவர் போல.

போனைப் பிடித்திருந்த சீனிச்சாமி அதைத் தாழ்த்தி, “அமத்திரட்டுமா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“எதுக்கு? ஓடட்டும். கிட்டக் கொண்டாங்க” என்றாள் காளீஸ்வரி.

ரேமைத் தன் மெஷினில் போட்டுச் சோதனையை ஓட விட்டாள். முதல் முக்கால் மணி நேரம் ஒன்றும் இல்லை. சில பேர் எழுந்து போய் டீ குடித்துவிட்டு வந்தார்கள். ஒரு மணி நேரம் தாண்டியபோது ஸ்க்ரீனில் ஒரு சிவப்பு வரி வந்தது. பிறகு இன்னொன்று. அடுத்து வரிசையாக வந்துகொண்டே இருந்தன. விற்ற அன்று இரண்டு மணி நேரம் ஓட விட்டிருந்தால் கட்டாயம் தெரிந்திருக்கும். அன்றைக்கு என்ன அவசரமோ, யார் வந்து நின்றார்களோ, அவளுக்கு நினைவில்லை.

“இது நான் வித்தது. பாக்காம வித்திருக்கேன்” என்றாள் கேமராவைப் பார்த்து. உள்ளே போய் வேறொரு ரேம் எடுத்து வந்து அதே மெஷினில் சொருகினாள். “ரெண்டு மணி நேரம் ஆகும்யா. இருந்து பாத்து வாங்கிட்டுப் போங்க.”

“நீங்க சொன்னாப் போதும்மா” என்றார் சங்கையா.

“போதாது. உக்காருங்க” என்றாள் அவள்.